முந்நூறு சிவப்புக் கதவுகள்

சட்டைக் கையின் முனையில் பொத்தான் போடுகிற பட்டைக்குத் தையல் கம்பெனியில் கஃப் என்று பெயர். ஒரு சட்டைக்கு இரண்டு கஃப், ஒரு மணி நேரத்துக்கு அறுபது சட்டை. நாலாவது லைனில் பதினோராவது மிஷினில் இருந்தவள் இருபத்திரண்டு வருஷமாக கஃப் மட்டும்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காலர் அவளுக்கு முந்தின மிஷினில் நடந்தது, பொத்தான் துளை அடுத்த மிஷினில் நடந்தது. ஒரு முழுச் சட்டையை அவள் தன் கையால் தைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் அவள் தைத்த ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் விலகியிருக்காது. அதனால் கம்பெனியில் அவளுக்கு நேர்க்கோடு என்று பெயர். வீட்டில் மூத்த மருமகள் என்பதால் பெரியவள்.

டிசைன் மேடம் மாடியிலிருந்து இறங்கி லைனுக்குள் நடந்து வந்தது ஒரு புதன்கிழமை காலை. மாடியில் சாம்பிள் ரூம் இருந்தது. கண்ணாடிச் சுவர், தலைக்கு மேலே தனித்தனி விளக்கு, முதுகு சாய்கிற நாற்காலி. அங்கே உட்காருகிறவர்கள் ஒரு உடுப்பை முதல் வெட்டிலிருந்து கடைசிப் பொத்தான் வரைக்கும் தாங்களே தைப்பார்கள். பின்னால் நின்று யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். அங்கே இருந்த பழைய டெய்லர் கண் மங்கிப்போய் நின்றுவிட்டார், நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. பெரியவள் அந்த நாற்காலியைப் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நீ மேல போயிட்டா கஃப் யாரும்மா தைக்கறது? உன்ன மாதிரி ஒரு கைய எங்க போயி தேடுவேன்?" அதைப் பாராட்டு என்று அவள் நம்பியது முதல் இரண்டு தடவை மட்டும்தான்.

மேடம் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துக்கொண்டே வந்து பதினோராவது மிஷின் முன்னால் நின்றார். பெரியவள் கையில் இருந்த கஃப்பை வழக்கத்தைவிடக் கவனமாகத் திருப்பினாள். ஊசி முனையில் துணி வளைந்து கொடுத்தது. மேடம் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மிஷின் காலடியில் சாய்ந்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தார்.

"இது எங்க வாங்கினீங்க?"

"வாங்கல மேடம்."

"நீங்க தெச்சதா?"

ஆமாம் என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் முந்தின மிஷினில் இருந்த காலர்க்காரி திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஊர்க்கதை என்றால் மிஷின் தானாக நின்றுவிடும்.

"இவங்க ஓரகத்தி தெச்சது மேடம். கொழுந்தன் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, நடுவுல ஒரு சுவர்தான். அந்தப் பொண்ணும் இங்கதான் பிசிறு வெட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆர்டர் கொறஞ்சப்ப நிறுத்திட்டாங்களே, அதுல ஒண்ணு."

"அவங்கள வரச் சொல்லுங்க" என்றார் மேடம். பையைப் புரட்டி, உள்பக்கம் பார்த்து, முடிச்சுகளை விரலால் தடவினார். "என்ன கை இது!"

பெரியவள் கஃப்பைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஓரம் கோணிப்போயிருந்தது. பிரித்தாள்.

அந்தப் பையைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? இளைய மருமகள் சின்னவளுக்கு மிஷினே ஓடாது. மூன்று முறை மிஷின் டெஸ்டுக்கு உட்கார்ந்து மூன்று முறையும் மூக்குடைபட்டு வந்தவள். பெடலில் கால் வைத்தால் குதிரை ஓட்டுகிற மாதிரி ஓட்டுவாள், ஊசி ஒடியும். அதனால்தான் பிசிறு வெட்டுகிற மேஜையில் போட்டார்கள். தைத்து முடிந்த சட்டையில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது, அவ்வளவுதான் வேலை. வேலை போன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அவள் புருஷன் மெக்கானிக். கையில் எண்ணெய் துடைக்க பட்டறையில் கந்தல் துணி மூட்டையாக வாங்குவார்கள். எல்லாம் கார்மெண்ட் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள். அவன் ஒரு நாள் பையில் கொஞ்சம் திணித்துக்கொண்டு வர, இவள் அதில் நல்லதாகப் பொறுக்கி, துவைத்து, கையாலேயே ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து ஜன்னலுக்குத் திரை போட்டாள்.

"என்னடி, கிழிஞ்ச துணியெல்லாம் கூட்டம் போட்டிருக்கு?" என்று பெரியவள் அப்போது சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் ஒட்டுத்துணிக்கு அடியில் பழைய போர்வையை வைத்து, அதற்கும் அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துச் சின்னச் சின்னத் தையலாக ஓட்ட ஆரம்பித்தாள். தைத்த இடம் பள்ளமாகவும் தைக்காத இடம் மேடாகவும் எழும்பி நின்றது. அந்த மேடு பள்ளத்தில் கை வைத்துப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு ஒரு போர்வையில் பீடி நெருப்புப் பட்டு ஓட்டை விழுந்தது. அதை மறைக்க ஓட்டையைச் சுற்றி நூலால் ஒரு ஜன்னல் போட்டாள். ஜன்னலுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரு கொடிக்கயிறு, கயிற்றில் காய்கிற துணி. அப்படித்தான் பூத்தையலுக்கு வந்தாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டுப் பையும் அப்படி ஒட்டுத்துணியில் தைத்து அக்காவுக்கென்று கொடுத்ததுதான். தையல் நேராகப் போகாது. ஒன்று நீளம், ஒன்று குட்டை. பெரியவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் விரல் துறுதுறுக்கும், பிரித்துச் சரியாகப் போடவேண்டும் போல.

இப்போது அந்தக் கோணல் தையலைத்தான் மேடம் கொண்டாடினார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு எரிய ஆரம்பித்தது அப்புறம் அணையவே இல்லை.

சின்னவள் மறுநாள் சாம்பிள் ரூமுக்குப் போனாள். நாலாவது லைனைத் தாண்டித்தான் படிக்கட்டு. "அக்கா!" என்று கையாட்டிக்கொண்டே ஏறினாள். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் பெரியவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர் அடுத்த மாசம் வருகிறார். அதற்குள் சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஒன்று தைக்க வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் சாம்பிள் ரூமில் இடம்.

"மேல நாற்காலி ஒண்ணு காலியா இருக்காம்க்கா. உக்காந்து பாருன்னாங்க. உக்காந்தேன். முதுகு அப்படியே சாயுது."

"உக்காந்தியா?" என்றாள் பெரியவள்.

"ஒரு நிமிஷம்தான்."

பெரியவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போகும் அவள் புருஷன் விஷயத்தைக் கேட்டு, "நம்ம வீட்டுல ஒருத்திக்குக் கெடைச்சா நமக்கும் சந்தோஷம்தானே" என்றான். அவனுக்கு என்ன, எந்தச் சுவருக்கு அடித்தாலும் பெயிண்ட்தான். அவள் இரண்டு நாளைக்கு அவனிடம் சரியாகப் பேசவில்லை.

சின்னவள் தைக்க எடுத்துக்கொண்டது அவர்கள் தெருவை. மாடியில் துணி காயப்போடும்போது தெரிகிற மாதிரி. வரிசையாகக் கதவுகள், மேலே தண்ணீர்த் தொட்டிகள், குறுக்கே மின்கம்பிகள். கதவு ஒவ்வொன்றும் ஒரு ஒட்டுத்துணி. சாம்பல் நிறத்தில் மூலைவீட்டுக் கதவு, அதில் தாழ்ப்பாள்கூட நூலில் இருந்தது. நடுவில் அவர்கள் வீடு. இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள வெள்ளைச் சுவருக்கு நல்ல கெட்டி வெள்ளைத் துணி போட்டிருந்தாள். எங்கே தைக்க வேண்டும் என்று கோடு போட, தண்ணீர் பட்டால் மறைகிற நீலப் பேனாவைப் பெரியவளிடம்தான் கேட்டு வாங்கினாள். துணி முழுக்க நீலக் கோடு. எல்லாம் முடிந்ததும் ஒருமுறை நனைத்து எடுத்தால் கோடு போய்விடும், தையல் மட்டும் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவள் கையில் ஒரு சிவப்புத் துண்டோடு வந்தாள்.

"அக்கா, இது பாருங்க. உங்க வாசக் கதவு. அதே சிவப்பு. மூட்டையத் தலைகீழாக் கொட்டித் தேடினேன்."

பெரியவள் வீட்டுக் கதவு சிவப்பு. எங்கோ வேலையில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து அவள் புருஷன் அடித்தது. துண்டைக் கையில் வாங்கியதுமே பெரியவளுக்கு அது எந்தத் துணி என்று தெரிந்துவிட்டது. போன வருஷம் அவர்கள் லைனில் ஓடிய சிவப்பு. அந்தத் துணியைத் தைத்தபோது விரலெல்லாம் சிவந்து, ஒரு வாரம் சோப்புப் போட்டாலும் போகவில்லை. சாயம் நிற்காத துணி என்று வாங்குகிறவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். மிச்ச ரோல்கள் இன்னமும் குடோனில் அடுக்கிக் கிடந்தன.

"சாயம் போகுமாக்கா இது? எனக்குப் பாக்கத் தெரியாது."

வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்பின்மேல் தேய்த்தால் தெரிந்துவிடும். மிஷினில் உட்காருகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிசிறு வெட்டுகிற மேஜையில் தண்ணீருக்கே வேலையில்லை, அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அக்காவிடம் கேட்டால் போதும் என்று வந்திருக்கிறாள்.

பெரியவள் துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள், விரலால் கசக்கினாள், மூக்கில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"போகாது" என்றாள்.

"நீங்க சொன்னா சரி." சின்னவள் துண்டை வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "அக்கா, நாலு பக்கமும் ஓரப்பட்டை மட்டும் உங்க மிஷின்ல போட்டுத் தருவீங்களா? எனக்கு அது கோணிடும். மேடம் பாக்கும்போது ஓரமாவது நேரா இருக்கட்டும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெரியவளால் முடியவில்லை. வீட்டில் இருந்த பழைய கால்மிஷினில் எண்ணெய் விட்டு, நூல் மாற்றி, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து நாலு ஓரத்துக்கும் பட்டை போட்டாள். நாலு மூலையும் கத்தியால் வெட்டினது போல மடிந்து நின்றன. மடியில் அந்தத் தெரு பாரமாகக் கிடந்தது. சிவப்புக் கதவு தொடைமேல் வந்தபோது அதன் நாதாங்கியைப் பார்த்தாள். மேலே ஒரு சின்னப் பள்ளம்கூட இருந்தது, அவள் வீட்டுக் கதவில் இருக்கிற அதே பள்ளம். இதை எப்போது பார்த்தாள் இவள் என்று நினைத்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. முதுகு சாய்கிற நாற்காலி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. மேடம் ஓரத்தைப் பார்த்து இது யார் போட்டது என்று கேட்பார், கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு சின்னவள் துணியைக் குளியலறைத் தொட்டியில் போட்டு நனைத்தாள். பெரியவள் சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் "ஐயோ" என்று ஒரு குரல். அது அழுகையாக மாற நேரமானது. பெரியவள் முறத்தை ஆட்டுவதை நிறுத்தவில்லை. உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது. அது நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அழுகை நிற்காமல் போனபோதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

கொடிக்கயிற்றில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. நீலக் கோடெல்லாம் போய்விட்டது. சிவப்புக் கதவின் ஓரத்திலிருந்து சாயம் வழிந்து, நடுவே உள்ள வெள்ளைச் சுவரில் மூன்று விரல் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் அடர்த்தியாகவும் தள்ளிப்போகப் போக வெளிறியும் இருந்தது.

"போகாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றாள் சின்னவள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"வேற லாட்டு போல இருக்குடி. பாக்க ஒரே மாதிரி இருந்துச்சு."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வாங்குகிறவர் வருகிறார். வேறொன்று தைக்க நேரமில்லை. கறையோடேயே மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நாலாவது லைனைத் தாண்டும்போது இந்தத் தடவை கையாட்டவில்லை.

பெரியவள் அன்றைக்கு நூற்றிருபது கஃப் ஒரு மணி நேரத்துக்குத் தைத்தாளோ என்னவோ, கண்ணெல்லாம் படிக்கட்டில்தான் இருந்தது. அழுதுகொண்டே இறங்கி வருவாள் என்று பார்த்தாள். மத்தியானம்வரை இறங்கி வரவில்லை. மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. யாரோ துணியைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

சாயங்காலம் சின்னவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள், இன்னமும் நம்ப முடியாத முகத்தோடு.

"அந்தக் கறை இருக்கு பாருங்கக்கா, அதத்தான் பிடிச்சிருச்சாம். சாயங்கால வெயில் சுவத்துல விழுற மாதிரி இருக்காம். மேடம் சொல்றாங்க, 'இந்த மாதிரி ஒரு யோசன உனக்கு எப்படி வந்துச்சு'ன்னு. நான் என்னத்தச் சொல்ல? சும்மா நின்னேன். முந்நூறு கேட்டிருக்காங்க. முந்நூறு!"

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. குழி பறித்த இடத்தில் இவளுக்குப் புதையல் கிடைத்திருக்கிறது.

"ஓரம்?" என்றாள். "ஓரத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "அது ரொம்ப நேரா இருக்காம்க்கா. மிஷின்ல போட்டது தெரியுதாம். அத மட்டும் பிரிச்சிட்டுக் கையால போடச் சொன்னாங்க." பிறகு அவசரமாக, "எனக்குப் புடிச்சிருந்துச்சு. நான் சொன்னேன், எங்க அக்கா போட்டதுன்னு" என்றாள்.

பெரியவள் எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று குச்சி அணைந்தது.

பதினைந்து நாளில் வேலை தொடங்கியது, நாலாவது லைனில். சட்டையெல்லாம் வேறு லைனுக்கு மாறியது. குடோனில் கிடந்த சிவப்பு ரோல்களைத் தூசி தட்டி இறக்கினார்கள். வேண்டாம் என்று திரும்பி வந்த துணி இப்போது வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு தெருவிலும் நடுவிலுள்ள சிவப்புக் கதவை நனைத்துக் கறை படியவைக்க மூன்று பேர். கறை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அச்சடித்த தாளைத் தூணில் ஒட்டியிருந்தார்கள். மூன்று விரல் அகலம். அதற்கு அரை விரல் கூடலாம், அரை விரல் குறையலாம், அதற்குமேல் போனால் ஒதுக்கிவிடுவார்கள். தரம் பார்க்கிற செக்கர் அம்மா டேப்பை வைத்து ஒவ்வொரு கறையையும் அளந்தாள். பெரியவள் சொன்ன ஒரு பொய்யை அங்கே நாள் முழுக்க டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

பெரியவளுக்கு ஓரப்பட்டை வேலை. கையால் போட்ட மாதிரி இருக்கவேண்டும், கொஞ்சம் கோணலாக. அதற்கென்று ஒரு மிஷின் வந்திருந்தது. முதல் நாள் அவள் போட்ட பதினாறும் திரும்பி வந்தன.

"என்னம்மா நேர்க்கோடு" என்று சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோணல் பத்தல. இன்னும் கொஞ்சம் கோணலாப் போடு."

"எவ்வளவு கோணலா சார்?"

"அதான், உன் ஓரகத்தி போடற மாதிரி."

காலர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவள் இருபத்திரண்டு வருஷம் பழகிய கையைப் பழக்கம் மறக்கச் சொல்லிக் கெஞ்சினாள். கை கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தைத்துப் பார்த்தாள், அப்போதும் நேராகவே போனது.

சின்னவளை முதல் ஒரு வாரம் லைனுக்குச் சொல்லித்தர வைத்துக்கொண்டார்கள். தாழ்ப்பாளை எப்படிப் போடுவது, கொடியில் துணி எப்படித் தொங்கவேண்டும் என்று மிஷின் மிஷினாகக் குனிந்து காட்டினாள். பெரியவள் பக்கம் வந்தால், "அக்கா, கைய இறுக்கிப் பிடிக்காதீங்க, துணிய அதும் பாட்டுக்குப் போக விடுங்க" என்பாள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது பெரியவளுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் தோன்றும். திங்கட்கிழமை மேலே போய் உட்காரப்போகிறவள் அல்லவா?

திங்கட்கிழமை காலை படிக்கட்டில் ஏறிப்போனது வேறொரு பெண். டிசைன் படித்து முடித்தவள், புது செருப்பு, கையில் சின்னக் கம்ப்யூட்டர். கண்ணாடிக்குப் பின்னால் அவள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துப் பார்த்தது கீழேயிருந்து தெரிந்தது. சின்னவள் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கழுத்தில் நூலில் கோத்த சின்னக் கத்தரி. நாலாவது லைனின் கடைசியில் பிசிறு வெட்டுகிற மேஜையில் போய் உட்கார்ந்தாள்.

பெரியவள் எழுந்தே நின்றுவிட்டாள். "என்னடி இது?"

"மிஷின் டெஸ்ட்டு பாஸ் பண்ணலயாம்க்கா. சாம்பிள் ரூமுக்கு அது கட்டாயமாம். மேடம் சொன்னாங்க, 'வேலை இல்லாம இருந்தே, இப்ப வேலை கெடச்சிருச்சு இல்ல'ன்னு." சின்னவள் முதல் துணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் தெருதான். நூலைத் தேடிக் கத்தரித்தாள்.

பெரியவளுக்கு நியாயமாகச் சந்தோஷம் வரவேண்டும். அதைத்தானே ஒன்றரை மாசமாக வேண்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து பெடலை மிதித்தாள். மனசு ஒன்றிலும் நிற்கவில்லை. இத்தனை நாள் எரிந்த நெருப்புக்கு இப்போது போட விறகில்லை, அது அவளையே சுட்டுக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் இருவரும் பக்கத்தில் நின்று கை கழுவினார்கள். லைனில் எல்லோருக்கும் கை மணிக்கட்டுவரை சிவந்திருந்தது. பெரியவள் சோப்பைத் தேய்த்தாள், கல்லில் உரசினாள். போகவில்லை.

"விடுங்கக்கா" என்றாள் சின்னவள். "ஒரு வாரம் ஆகும். போன வருஷம் உங்க விரல்ல ஒரு வாரம் இருந்துச்சே. சாப்பாடு போடும்போது பாத்திருக்கேன்."

பெரியவள் கை நின்றது. குழாய்த் தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருந்தது.

"தெரியுமா உனக்கு?"

"கேக்கும்போது ஞாபகமில்ல. நனைச்ச தொட்டில தண்ணி செவந்துச்சு பாருங்க, அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"அப்புறம் ஏன்டி என்ன ஒரு வார்த்த கேக்கல? நாலு பேரு முன்னால கேட்டிருக்கலாம்ல?"

சின்னவள் குழாயை மூடினாள். "கேட்டு? நடுவுல ஒரு சுவர்தான இருக்கு. காலையில எந்திரிச்சா உங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்." கையை உதறினாள். "நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேனோ. பதினோரு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அந்த நாற்காலில நான் ஒரு நிமிஷம் உக்காந்தேன், உங்ககிட்ட வந்து சொல்லவும் செஞ்சேன். எனக்கும் கொழுப்புதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பெரியவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து, தன் சோற்றில் பாதியைச் சின்னவள் மூடியில் வைத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

மத்தியானம் மேடம் லைனுக்கு வந்தார். கூட செக்கர் அம்மா, கையில் பெரியவள் போட்ட ஓரங்கள், மறுபடியும் திரும்பி வந்தவை. லைன் தலைக்கு மேலே ஒரு கம்பியில், கண்ணாடித்தாள் உறைக்குள், ஓரத்தைப் பிரித்துக் கையால் போட்டுச் சின்னவள் கொடுத்த அந்த முதல் துணி தொங்கியது. மூலையில் சிவப்பு அரக்கு முத்திரை, ஒரு அட்டை. அட்டையில் மேடத்தின் பெயரும் கையெழுத்தும். இதைப் பார்த்துத்தான் முந்நூறும் வரவேண்டும், இது மட்டும் மாறக்கூடாது, அதற்குத்தான் முத்திரை.

"அத இறக்குங்க" என்றார் மேடம். "கோணல்னா என்னன்னு இவங்களுக்குக் காட்டணும்."

கொக்கியால் இறக்கி மேஜையில் விரித்தார்கள். உறையை விலக்கினார்கள். லைனில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் தையல் ஏன் திடீரென்று நெருங்குகிறது என்று அவருக்குப் புரியவில்லை. "இங்க எப்படி வந்திருக்கு பாருங்க, இது... இது எப்படிப் போட்டதுன்னா..." என்று நிறுத்தினார்.

சின்னவள் பிசிறு மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். "அது உள்ளாற முடிச்சு இருக்கு மேடம். மடிப்பத் திருப்பினா தெரியும். நான் காட்டறேன்" என்று குனிந்து, தன் வீட்டுக் கதவுக்குக் கீழே இருந்த ஓரத்தைப் பிடித்துத் திருப்பப் போனாள்.

செக்கர் அம்மா அவள் மணிக்கட்டில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏய், கைய எடு! சீல் வெச்ச சாம்பிளு இது. உன் கையப் பாத்தியா, எப்படிச் செவந்து கெடக்குன்னு? கறை படிஞ்சா யாரு பதில் சொல்றது?"

சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் இடுப்பில் துடைத்தாள். பிறகு அதையும் நம்பாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து எட்டி நின்று பார்த்தாள். பெரியவள் தன் சிவந்த கைகளை மேஜைக்கு அடியில் இறக்கினாள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. செக்கர் அம்மா உறையை மூடிவிட்டு, டேப்பைப் பிரித்து, அடுத்த கறையை அளந்தாள்.